கருப்பன் படத்துக்கு ஒரு கம்ப்யூட்டர்

பெட்டியின் முதுகில் இருந்த அந்தச் சின்னச் சிவப்பு சுவிட்சைத் தள்ளியது நான்தான். தாமோதரன் இல்லை, எலி இல்லை, மின்வாரியமும் இல்லை. இங்கே முதல் வரியிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அன்றைக்கு ஒப்புக்கொள்ள எனக்கு இருபது நிமிடம் ஆனது.

சுவிட்சின் மேல் 230 என்று எழுதியிருந்தது. நகத்தால் இந்தப் பக்கம் தள்ளினால் 115 வந்தது. பத்தாம் வகுப்பில் நான் தேறிய ஒரே பாடம் கணக்கு. இருநூற்று முப்பதில் பாதி நூற்றுப் பதினைந்து. பாதிக் கரண்டில் ஓடக்கூடிய யந்திரத்தை எதற்காக முழுக் கரண்டில் ஓட்டவேண்டும்? கம்ப்யூட்டர் கட்டியவனுக்கே இது தோன்றவில்லையே என்று தாமோதரனை நினைத்து எனக்குக் கொஞ்சம் பரிதாபமாகக்கூட இருந்தது. அவன் மூன்று மணி நேரம் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, கடைசி ஸ்க்ரூவையும் முடுக்கிவிட்டு, எதிர்க் கடைக்கு டீ குடிக்கப் போயிருந்தான். திரும்பி வரும்போது கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தால் எவ்வளவு சந்தோஷப்படுவான் என்று நினைத்துப் பட்டனை அழுத்தினேன்.

டப்பென்று ஒரு சத்தம். பெட்டியின் பின்னாலிருந்து ஒரு முழம் புகை எழுந்து, சாவகாசமாக என் ஸ்டுடியோவின் பின்திரையில் வரைந்திருந்த சுவிட்சர்லாந்து மலைமேல் போய் உட்கார்ந்தது. அந்த மலைக்கு முதல்முறையாக நிஜ மேகம் வந்தது அன்றைக்குத்தான்.

தாமோதரன் டீ கிளாசோடு ஓடிவந்தான்.

"இன்னா மச்சான் சத்தம்?"

"தெர்ல. தானா வெடிச்சிடுச்சு."

"தானா வெடிக்க இது இன்னா தீவாளியா? இன்னா தொட்ட நீ?"

"ஒண்ணும் தொடல. பட்டன் மட்டும்தான்."

அவன் கிளாசை ஜன்னலில் வைத்துவிட்டுப் பெட்டியைத் திருப்பினான். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டான்.

"இது எப்டி நூத்திப் பதினஞ்சுல கீது?"

"கடையிலேயே அப்டிதான் குடுத்திருப்பான்."

"நான் மாட்டும்போது இருநூத்தி முப்பதுல இருந்துச்சு."

"கடல் காத்து மச்சான். இந்தப் பக்கம் எதுவும் ஒரு எடத்துல நிக்காது."

இப்படியே இருபது நிமிடம் போனது. எலியைக்கூட வழக்கில் இழுத்துப் பார்த்தேன். கடைசியில் பாதிக் கரண்டு விஷயத்தைச் சொன்னேன். அவன் கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான்.

"கரண்டு மிச்சம் புடிக்கணும்னா மெழுகுவத்தி ஏத்தி வெச்சிகினு ஓட்ட வேண்டியதுதான? செவுத்துல வர்றது இருநூத்தி முப்பது, நூத்திப் பதினஞ்சுல வெச்சா தாங்குமா? பவர் சப்ளை போச்சு. மதர்போர்டும் போயிருக்கும்."

"காசியம்மாக்கா படம்?" என்றேன்.

"அத என்னாண்ட ஏன் கேக்கற?"

அன்றைக்குச் சனிக்கிழமை. காசியம்மாளின் கணவர் கருப்பன் இறந்து எட்டாம் நாள். பதினாறாம் நாள் கருமாதியன்று படத்திறப்பு. இன்னும் எட்டு நாளில் அவருடைய முகம் பெரிதாக, சட்டமிட்டு, துணி மூடித் தயாராக இருந்தாகவேண்டும். கம்ப்யூட்டரில் செய்து தருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தவன் நான். கொடுத்த அன்றைக்கு என்னிடம் கம்ப்யூட்டர் இல்லை என்பது அந்த அக்காவுக்குத் தெரியாது.

இது இரண்டாயிரத்து மூன்றில் நடந்தது. சதுரங்கப்பட்டினம் பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்தில் என் 'ரூத் கலர் ஸ்டுடியோ' இருந்தது. ரூத் என் மனைவி. செங்கல்பட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஸ்டுடியோவுக்கு அவள் பெயரை வைத்தது பாசத்தால் என்று வெளியில் சொல்லுவேன். முதலீடு அவளுடையது.

மூன்றாம் நாள், திங்கட்கிழமை, காசியம்மாள் வந்தார். ஒரு குரூப் போட்டோவை முந்தானையில் சுற்றி எடுத்து வந்திருந்தார். யாரோ சொந்தக்காரர் கல்யாணம். மணமக்கள், மாமன்கள், நாற்காலியில் பெரியவர்கள், தரையில் குழந்தைகள். கடைசி வரிசையில், வலது ஓரத்தில், உளுந்து அளவில் ஒரு தலை. அந்த உளுந்திலும் பாதியை முன்னால் நின்றவரின் தலைப்பாகை மறைத்திருந்தது.

"அதான் எங்க வூட்டுக்காரு" என்றார். "வேற படமே இல்ல தம்பி. ஓட்டு கார்டுல ஒண்ணு கீது. அது ஆம்பளையா பொம்பளையான்னே தெர்ல."

போட்டோவைத் திருப்பினேன். பின்னால் என் ஸ்டுடியோ முத்திரை. அந்தக் கல்யாணத்தை எடுத்தவன் நான். கருப்பன் லுங்கி கட்டி வந்திருந்தார் என்பதற்காக, "அண்ணாத்த, நீ கொஞ்சம் பின்னால ஓரமா நில்லு" என்று சொன்னதும் நானாகத்தான் இருக்கும். லுங்கியில் யாரைப் பார்த்தாலும் அப்படிச் சொல்வது என் வழக்கம். நெகட்டிவைத் தேடிப் பார்த்தேன். உப்புக்காற்றில் சுருளெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி அல்வாவாகியிருந்தது.

வழக்கமாக இந்த மாதிரி வேலையைச் சென்னையில் டச்சிங் செய்யும் ஒருவருக்கு அனுப்புவேன். பிரஷ்ஷால் தீட்டி, ஒரு மாதம் கழித்துத் தருவார். எல்லோருக்கும் ஒரே மூக்குதான் வைப்பார். பதினாறாம் நாளுக்கு அது ஆகாது.

"கம்ப்யூட்டர்ல பண்ணிடலாம்க்கா" என்றேன்.

"அவரு மாதிரியே இருக்குமா?"

"அவர விட நல்லா இருக்கும்."

உலகத்தில் எத்தனையோ பதில்கள் இருக்க, அதைத்தான் சொன்னேன்.

கல்பாக்கம், மாமல்லபுரம் பக்கமெல்லாம் ஸ்டுடியோக்காரர்கள் ஒவ்வொருவராகக் கம்ப்யூட்டர் வாங்கிக்கொண்டிருந்த காலம் அது. மணமகளை ரோஜாப்பூவுக்குள் உட்கார வைத்தார்கள். மணமகனைக் கடற்கரைக் கோயிலுக்கு மேல் நிலாவாகத் தொங்கவிட்டார்கள். நானோ கம்ப்யூட்டர் வாங்குவதா, பாகம் பாகமாக வாங்கிக் கட்டுவதா என்று ஒன்றரை வருடமாக ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். வந்த எல்லோரிடமும் கேட்டாயிற்று. எவரிடமிருந்தும் பதில் வரவில்லை. பதில் மாதிரி ஏதோதான் வந்தது.

மறுநாள் செங்கல்பட்டில் சம்பத்தின் ஷோரூமுக்குப் போனேன். கம்பெனி கம்ப்யூட்டர் விற்பவர். ஏசி அறை, வரிசையாகப் பெட்டிகள், ஒவ்வொன்றின் திரையிலும் மீன்கள் நீந்திக்கொண்டிருந்தன.

"சார், போட்டோ வேலைக்கு கம்பெனி மெஷினே வாங்கிடலாமா, இல்ல அசெம்பிள் பண்ணலாமா? நேராச் சொல்லுங்க."

"சார், கார்ல போறதும் போறதுதான், ஆட்டோல போறதும் போறதுதான்."

"எதுல போகச் சொல்றீங்க?"

"அது நீங்க எங்க போறீங்கன்றத பொறுத்தது."

விலை நாற்பத்திரண்டாயிரம். ரூத் சீட்டு எடுத்துத் தந்தது முப்பது. சதுரங்கப்பட்டினத்துக்கு பஸ்ஸில் போனேன்.

தாமோதரன் செங்கல்பட்டில் கம்ப்யூட்டர் பயிற்சி மையத்தில் பாடம் எடுப்பவன், பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்தவன். அவனையும் கேட்டேன்.

"மச்சான், உன் யூசேஜப் பொறுத்தது."

"இன்னா யூசேஜ்? செத்தவங்களுக்கு மூஞ்சி வெக்கணும்."

"அப்ப ராம் ஜாஸ்தி வோணும். ஆனா பிராசஸரும் முக்கியம். பட்ஜெட்டும் பாக்கணும்."

"வாங்கறதா, கட்றதா?"

"ரெண்டுலயும் நல்லது கெட்டது கீது."

கடைசியாக ரூத்திடம் கேட்டேன். டியூட்டி முடிந்து வந்து காலைத் தொட்டித் தண்ணீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வாங்கட்டா, கட்டட்டா?"

"எத செஞ்சா உங்களால கெடுக்க முடியாது?" என்றாள்.

நியாயமான கேள்விதான். ஆனால் கேள்விக்குக் கேள்வி பதிலாகாது. கட்டுவது என்று முடிவுசெய்தேன். அதற்குக் காரணம் பட்ஜெட் என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். உள்ளே வேறொரு ஆசையும் இருந்தது. 'கம்ப்யூட்டரா? நானே கட்டினது' என்று யாரிடமாவது சொல்லவேண்டும்.

வியாழக்கிழமை நானும் தாமோதரனும் மின்சார ரயிலில் எழும்பூர் போய், ரிச்சி தெருவில் ஒவ்வொரு சாமானாகப் பொறுக்கினோம். பதினேழு அங்குல மானிட்டரையும் விலை பேசி வைத்தோம். தூக்கமுடியாததால் அதைத் திங்கட்கிழமை வந்து எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு. படம் திருத்துபவனுக்கு மானிட்டர்தான் கண் என்று கடைக்காரர் சொன்னார். சரக்கை விற்கத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். திரும்பும்போது ரயிலில் மதர்போர்டு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டேன். பிறந்து மூன்று நாளான குழந்தையைப்போல இரண்டு கையாலும் அணைத்தபடி வந்தேன். ஊரப்பாக்கத்தில் ஏறிய ஒரு அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து, "உள்ள இன்னாப்பா, கேக்கா?" என்று கேட்டார்.

அந்தக் குழந்தையைத்தான் சனிக்கிழமை நூற்றுப் பதினைந்தில் தள்ளிக் கொன்றேன்.

கம்பெனிப் பெட்டி வாங்கியிருந்தால் இது நடந்திருக்காது என்று ரூத் சொல்லவில்லை. தட்டில் சோற்றைப் போடும்போது கொஞ்சம் சத்தமாகப் போட்டாள், அவ்வளவுதான். ஆனால் யோசித்துப் பார்த்தால் கம்பெனிப் பெட்டியின் முதுகிலும் அந்தச் சுவிட்ச் இருந்திருக்கும். நானும் இருந்திருப்பேன்.

புது பவர் சப்ளையும் புது மதர்போர்டும் வாங்கியதில் மானிட்டருக்கு வைத்திருந்த பணம் கரைந்தது. ரிச்சி தெருக் கடைக்காரருக்குப் போன் செய்து மானிட்டர் வேண்டாம் என்றேன். செவ்வாய்க்கிழமை தாமோதரன் படூர் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரை மூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய், பதினைந்து அங்குல மானிட்டர் ஒன்றை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு வந்தான். காலேஜ் பையன்கள் நாலு வருடம் இரவும் பகலும் பார்த்துத் தீர்த்த திரை. போட்டதும் எல்லாம் கொஞ்சம் பச்சையாக, கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தது. குளத்துக்கு அடியில் உட்கார்ந்து பார்ப்பதுபோல.

"பச்சையா கீதே?"

"கண்ணு பழகிடும் மச்சான்."

அவன் சொன்ன எல்லாவற்றிலும் அது ஒன்றுதான் சரியாக நடந்தது. புதன்கிழமை மாலைக்குள் என் கண் பழகிவிட்டது. ரூத்கூட எனக்குக் கொஞ்சம் பச்சையாகவே தெரிய ஆரம்பித்தாள்.

வியாழனும் வெள்ளியும் வேலை நடந்தது. கருப்பனை ஸ்கேன் செய்து உளுந்தைத் தேங்காய் ஆக்கினேன். தலைப்பாகை மறைத்த இடது கன்னத்துக்கு, வலது கன்னத்தைக் கண்ணாடிபோலத் திருப்பி ஒட்டினேன். பிறகு கோட்டு. இறந்தவருக்குக் கோட்டு மாட்டுவது எங்கள் தொழிலில் எழுதாத சட்டம். உயிரோடு இருக்கும்போது பனியன்கூடப் போடாதவராக இருந்தாலும் சட்டத்துக்குள் போகும்போது கோட்டும் டையும் உண்டு. டச்சிங் செய்பவரிடம் ஒரே கோட்டு இருக்கும், ஊரில் செத்தவர்கள் எல்லோரும் அதைத்தான் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்வார்கள். என்னிடம் அதுவும் இல்லை. அதனால் என் கல்யாணப் போட்டோவை ஸ்கேன் செய்து, என் கழுத்துக்குமேல் வெட்டி எறிந்துவிட்டு, கருப்பனை வைத்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரூத் வந்து எட்டிப் பார்த்தாள்.

"இது நம்ம கல்யாணக் கோட்டு இல்ல?"

"ஆமா. ஃபிட்டா கீதில்ல?"

"இந்தக் கையப் புடிச்சிகினு நான் நின்னேனே. நான் எங்க?"

"உன்ன அழிக்கத்தான் மத்தியானம் பூரா ஆச்சு."

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

"இவரு கோட்டு போடுவாரா?"

"எல்லாரும் போடுவாங்க."

"நான் எல்லாரையும் கேக்கலியே."

அவள் காபி போடப் போய்விட்டாள். எனக்கு அப்போது கோட்டு ஒரு பிரச்சினையாகவே இல்லை. முகம்தான் பிரச்சினை. திரையில் கருப்பன் பச்சை பாய்ந்து, காமாலை கண்டவர்போல இருந்தார். அந்தப் பச்சை திரையுடையது என்பதே மறந்துபோய், முகத்தை மட்டும் தேர்ந்தெடுத்து, கொஞ்சம் சிவப்பு ஏற்றினேன். போதவில்லை. இன்னும் கொஞ்சம். மங்கலாக இருந்ததால் வெளிச்சமும் ஏற்றினேன். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் திரையில் இருந்தவர் மாநிறமாக, ஆரோக்கியமாக, இப்போதுதான் சவுக்குத் தோப்பில் லோடு ஏற்றிவிட்டு வந்தவர்போல இருந்தார். லோடுமேன்தான் அவர். லாரியில் கட்டை ஏற்றுவதே வாழ்நாள் வேலை. திரையைப் பார்த்து எனக்கே கண் கொஞ்சம் கலங்கியது. 'நானே கட்டினது' என்று சத்தம் போடாமல் ஒருமுறை சொல்லிக்கொண்டேன்.

சனிக்கிழமை சிடியோடு படம் பிரிண்ட் போடும் செங்கல்பட்டு லேபுக்கு ஓடினேன். கல்யாண சீசன். வரிசை நீண்டிருந்தது. என் படம் வெளியே வர மாலை ஐந்தாகிவிட்டது. கவுண்டரில் இருந்த சியாமளா படத்தைக் கவருக்குள் போடும் முன் இரண்டு நொடி கூடுதலாகப் பார்த்தாள்.

படத்தை வாங்கிப் பார்த்தேன். கருப்பன் சிவந்திருந்தார். முகூர்த்தத்துக்கு மேக்கப் போட்ட மாப்பிள்ளைபோல, கன்னத்தில் ரோஸ் அடித்து, நெற்றி பளபளக்க.

"கலர் கொஞ்சம் ஜாஸ்தியா கீதாம்மா?"

"நீங்க குடுத்த ஃபைல் எப்டியோ அப்டித்தாண்ணா வரும்."

"இல்ல, உன் கண்ணுக்கு எப்டி தெரியுது?"

"எங்க மெஷின்ல ஒண்ணும் பிரச்சின இல்லண்ணா."

"நான் மெஷினக் கேக்கலம்மா."

"அடுத்தவங்க நிக்கறாங்கண்ணா."

லேபில் டியூப் லைட் வெளிச்சம் அப்படி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெளியே வந்து சாலை வெளிச்சத்தில் பார்த்தேன். சாலை வெளிச்சமும் சரியில்லை என்று சொல்லிக்கொண்டேன். மறுபடியும் பிரிண்ட் போட வேண்டுமென்றால் ஊருக்குப் போய்த் திருத்தி எடுத்து வரவேண்டும். எட்டு மணிக்கு லேபை மூடிவிடுவார்கள். மறுநாள் காலை பத்து மணிக்குப் படத்திறப்பு. சட்டம் போடும் கடையில் கொடுத்தேன். அவர் படத்தைப் பார்த்துவிட்டு, "யாரு, சினிமாவுல இருந்தாரா?" என்று கேட்டார். கண்ணாடி மாட்டியதும் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. கண்ணாடிக்குள் வைத்தால் எதுவுமே கொஞ்சம் உண்மைமாதிரி ஆகிவிடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை காசியம்மாள் வீட்டு வாசலில் ஷாமியானா. பந்தலின் நடுவில் மேசைமேல் படம், அதன்மேல் மஞ்சள் துணி. எல்லாரும் வந்திருந்தார்கள். நானும் ரூத்தும் பின்வரிசையில் உட்கார்ந்தோம். ரூத் சர்ச்சுக்குப் போகாமல் வந்திருந்தாள். ஏன் என்று கேட்டதற்கு, "நீங்க இன்னா பண்ணி வெச்சிருக்கீங்கன்னு பாக்கணும்ல" என்றாள்.

படத்தைத் திறந்துவைக்க ஒன்றியக் கவுன்சிலர் ராஜேந்திரன் வந்திருந்தார். அன்றைக்கு அவருக்கு அது மூன்றாவது படத்திறப்பு. கருப்பனை அவர் உயிரோடு பார்த்ததே இல்லை. மைக்கைப் பிடித்து, "அன்னாரை நான் நன்கு அறிவேன்" என்று ஆரம்பித்து, துணியை இழுத்தார்.

ஷாமியானாவின் சிவப்புத் துணி வழியாக வந்த வெயிலும் சேர்ந்து படத்தின்மேல் விழுந்தது. கருப்பன் ஜொலித்தார்.

ராஜேந்திரன் கோட்டையும் டையையும் பார்த்தார். அவர் முகம் மரியாதைக்கு மாறியது. "அன்னார் உயர்ந்த உத்தியோகத்தில் இருந்தவர். படித்த பண்பாளர். இந்தப் பகுதி இளைஞர்களுக்குக் கல்வியின் அருமையை எடுத்துக் காட்டியவர்" என்று தொடர்ந்தார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த லோடுமேன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கைநாட்டு வைத்தே கூலி வாங்கிய கருப்பன், என் கல்யாணக் கோட்டுக்குள்ளிருந்து நிதானமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ரூத் தலையைக் குனிந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று பக்கத்திலிருந்த அம்மா அவள் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

கற்பூரம் காட்டி முடிந்து பந்தி ஆரம்பித்தது. நான் பந்திக்குப் போகவில்லை. படத்துக்குப் பக்கத்திலேயே நின்று, வருகிறவர் போகிறவரையெல்லாம் பிடித்துக் கேட்டேன்.

"எப்டி கீது அண்ணாத்த?"

"பேஷா கீதுப்பா. கம்ப்யூட்டரா?" என்றார் ஒரு லோடுமேன்.

"அவரு மாதிரியே கீதா?"

"கம்ப்யூட்டர்ல பண்ணா அப்டித்தான் வரும்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

இன்னொருவர், "நல்ல ஃபிரேம்" என்றார். வேறொருவர் கண்ணாடியைத் தட்டிப் பார்த்து, "கெட்டியா கீது" என்றார். வயதான ஒருவர் மட்டும் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "யார்ப்பா இது?" என்று கேட்டு, நான் பதில் சொல்வதற்குள், "எனக்குக் கண்ணு சரியா தெர்ல" என்று அவரே முடித்துக்கொண்டார்.

தாமோதரன் பாயசத்தோடு வந்து நின்றான்.

"மச்சான், சொல்லு. படம் எப்டி?"

"நீ எந்த ஆங்கிள்ல கேக்கற?"

அவன் கையிலிருந்த பாயசத்தைப் பிடுங்கிக் குடித்துவிட்டு அவனை அனுப்பினேன்.

பந்தி முடிந்து கூட்டம் கரைந்தபோது காசியம்மாள் வந்தார். காலையிலிருந்து பெண்கள் நடுவில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்ததால் படத்தை அவர் கிட்டத்தில் பார்க்கவே இல்லை. மேசைக்கு முன்னால் வந்து நின்று, முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு இன்னொரு முறை துடைத்தார். அழுக்கு இல்லை, இருந்தாலும் துடைத்தார். அவர் துடைத்தது அழுக்கை அல்ல, என் சிவப்பை என்று எனக்குப் புரிந்தது.

அந்தக் குரூப் போட்டோவைத் தவிர அவருக்கு இது ஒன்றுதான் இருக்கப் போகிறது. காலையில் கண் விழித்ததும் பார்க்கப் போகிற முகம் இது.

"அக்கா" என்றேன். "உண்மைய சொல்லுக்கா. இவரு அண்ணன் மாதிரி கீறாரா?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல தம்பி" என்றார். "இது அவரு இல்ல."

குரலில் கோபம் இல்லை. 'பஸ் போயிடுச்சு' என்று சொல்வதுபோலச் சொன்னார். ஒன்றரை வருடமாக ஊர் ஊராகக் கேள்வி கேட்டுக்கொண்டு அலைந்தவனுக்குக் கிடைத்த முதல் நேரான பதில் அது.

அவர் விரலை நீட்டி, கண்ணாடிமேல், வலது ஓரத்தில் வைத்தார்.

"இந்தக் காது மட்டும் அவருது."

குனிந்து பார்த்தேன். முகத்தைத் தேர்ந்தெடுத்துச் சிவப்பு ஏற்றும்போது அந்தக் காதை விட்டுவிட்டிருக்கிறேன். அது நிழலில் இருக்கிறது என்று நினைத்திருக்கிறேன். நான் கை வைக்காத அந்த ஒரு அங்குலம் மட்டும் கறுப்பாக, மடல் கொஞ்சம் தடித்து, வெயிலில் காய்ந்த காதாக இருந்தது.

காசியம்மாள் அந்தக் காதின்மேல் வைத்த விரலை எடுக்கவே இல்லை.

"மூஞ்சியும் இந்தக் காது மாதிரியே பண்ணிக் குடு" என்றார். "கோட்டு வோணாம். அவருக்கு வேர்க்கும்."